தட்டை மதினிக்கு

செப்டம்பர் 22

வீட்டுக்காரரைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வராமல் நேராகப் புஞ்சைக்குப் போனேன். உழுது போட்ட கரிசல் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. வடக்கே திரும்பினால் கண் கூசுகிறது. போன வருடம் வரை மிளகாய் விளைந்த நிலத்தில் இப்போது சோலார் கம்பெனியின் தகடுகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன.

பஸ் நிறுத்தத்தில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இந்த ஒரு வெள்ளாமைதான் தமயந்தி. வெளஞ்சுச்சுன்னா நெலம் கெடக்கட்டும். இல்லேன்னா தை மாசம் சோலார்காரனுக்கு எழுதிக் குடுத்திருவேன். நமக்கென்ன பிள்ளையா குட்டியா, யாருக்குச் சேத்து வைக்க?"

"நான் இருக்கேன்ல."

"நீ திருப்பூருக்கு வா. எனக்குச் சோறாவது ஒழுங்காக் கெடைக்கும்."

திருப்பூர் என்றால் பனியன் கம்பெனிக்குப் பின்னால் அந்த ஒற்றை அறை. சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பதினாறு வருடம் அதற்குள் இருந்தேன். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தவள், அவர் இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. நிலத்தைச் சாக்காகச் சொன்னேன். வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

அக்டோபர் 2

சோளம் விதைத்தாயிற்று. டிராக்டருக்குப் பின்னாலேயே டிஏபி. மழைக்கு முன் புழுதியில் விதைப்பதுதான் இங்கே வழக்கம். விதையும் உரமும் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். வானம் பார்க்க வேண்டியது நாம்.

நாத்தனார் ஆவுடையம்மாள் மதினி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயதாகிறது. புருசன் போன பிறகு, பிறந்த ஊரிலேயே தெருக்கோடியில் வீடு எடுத்து ஒரு பசுவையும் கன்றையும் வைத்துப் பிழைக்கிறார். அப்பா நிலத்தில் தன் பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர். அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். கதிர் உங்களுக்கு, தட்டை எனக்கு. கதிர் அறுத்த பிறகு நிற்கும் சோளத்தட்டை வருடாவருடம் அவர் மாட்டுக்கு. பத்திரத்தில் எழுதாத பேச்சு. இதுவரை மாறியதில்லை.

"உரத்தைக் கொஞ்சம் தாராளமாத்தான் போடேன். ஒன் கையி ரொம்ப இறுக்கம்" என்றார்.

"மானாவாரிக்கு அளவாத்தான் போடணும் மதினி. தண்ணி இல்லாம உரம் என்ன செய்யும்?"

"காலேஜுல படிச்சவ சொல்ற. என் செவலைக்கு நல்லாத் தடிமனா வந்தாச் சரி. இந்தத் தடவ சினை வேற."

அக்டோபர் 10

மழை. நல்ல மழை.

அக்டோபர் 30

பயிர் முழங்கால் உயரம். ஆனால் ஒரு வெளுப்பு. களையெடுக்க வந்த பெண்கள் யாரும் குறை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

நேற்றைய மழையில் மண் ஈரமாக இருந்ததால் இன்று யூரியா போட்டேன். வேளாண்மை ஆபீஸில் கொடுத்த தாளில் மானாவாரிச் சோளத்துக்கு, கிணற்றுத் தண்ணீர் பாயும் இறவைப் பயிரின் பாதி அளவுதான் எழுதியிருக்கிறது. நான் இறவை அளவே போட்டேன். இந்த வருடம் பாதி விளைச்சல் எனக்குப் போதாது.

நவம்பர் 8

பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. கிட்டத்தட்ட கருப்பு. ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

"யார் காடு?" என்று கேட்டார்.

"நம்ம காடுதான்."

பிறகு, "கதிர் தள்ளட்டும், பாப்போம்" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததுபோல் எனக்குப் பட்டது. நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

சாயங்காலம் வீட்டை ஒட்டடை அடித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று கறி வைத்துச் சாப்பிட்டேன்.

நவம்பர் 15

வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலை, தென் மாவட்டங்களில் கனமழை என்று ரேடியோவிலும் டிவியிலும் சொன்னார்கள். உரக்கடைக்காரர், "அக்கா, மழைக்கு முந்தி தூவிட்டீங்கன்னா அப்படியே வேருக்கு எறங்கிரும். மழை பேஞ்ச பெறகு சேத்துக்குள்ள கால வைக்க முடியாது" என்றார். யூரியாவை இரண்டாவது மேலுரமாக மானாவாரியில் யாரும் போடுவதில்லை. நான் போட்டேன். மூட்டையில் மிஞ்சியதைத் திரும்பத் தூக்க முடியாமல் கிழக்கு மூலைப் பள்ளத்தில் கொட்டி இறைத்துவிட்டு வந்தேன். தண்ணீர் தேங்கும் இடம். அங்கே பயிர் ஏற்கெனவே என் தலைக்கு மேல்.

நவம்பர் 17

மேகம் ஆந்திராவுக்குப் போய்விட்டது.

நவம்பர் 29

வெயில். நவம்பரில் இப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை.

என் சோளத்தின் இலைகள் காலை பத்து மணிக்கே சுருண்டுகொள்கின்றன. பக்கத்துப் புஞ்சையில் உரமே போடாத சோளம் இன்னும் விரிந்த இலையோடு நிற்கிறது. குட்டையாக, மஞ்சளாக, ஆனால் நிற்கிறது. காரணம் எனக்குப் புரிகிறது. பெரிய இலை அதிகம் குடிக்கும். மண்ணுக்குள் இருந்த ஈரத்தையெல்லாம் நவம்பரிலேயே இது குடித்து முடித்துவிட்டது. இனி கதிருக்கு இல்லை.

புரிந்து என்ன பயன்? இன்று வேறு வேலை ஓடவில்லை. துணி துவைத்தேன்.

டிசம்பர் 9

கதிர் தொண்டையிலேயே சிக்கி நிற்கிறது. ஒன்றிரண்டு வெளியே வந்திருக்கின்றன, மணி இல்லாமல். பிரித்துப் பார்த்தால் உமி.

அவருக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சரி விடு. அந்தச் சோலார்காரன் அட்வான்ஸ் வாங்கச் சொல்லி நச்சரிக்கான். தையில வாரேன்."

"தட்டையை வெலைக்குக் கேக்கறாக. தேனிப் பக்கத்துப் பால்பண்ணைக்கு. இந்த வருசம் எங்கயுமே தீவனம் இல்லையாம். வித்தா அடுத்த வருச வெதைப்புக்குக் காணும். ஒங்க கையிலேர்ந்து எதுவும் வேண்டாம். ஒரே ஒரு வருசம்."

"தட்டை அக்காவுக்குல்ல?"

"அவுகளுக்கும் குடுத்துட்டுத்தான்."

யோசித்துவிட்டுச் சொன்னார். "தட்டை வெதைப்புக்குக் கட்டுச்சுன்னா இன்னும் ஒரு வருசம் கெடக்கட்டும். அதுக்கு மேல என்கிட்ட கேக்காத."

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், உட்காராமல் நின்றுகொண்டே பேசியிருக்கிறேன்.

டிசம்பர் 15

மழை வந்தது. கதிர் செத்த பிறகு. மண் நனைகிற அளவுக்கு ஒரு மழை, அவ்வளவுதான். இலைகள் மறுபடியும் விரிந்து பச்சையாக நிற்கின்றன, ஒன்றுமே நடக்காததுபோல.

டிசம்பர் 18

அறுப்பு. பச்சையாக இருக்கும்போதே அறுத்தால் எடை நிற்கும் என்று வியாபாரி சொல்லியிருந்தார்.

மதினியும் அரிவாளோடு வந்துவிட்டார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வாடின சோளத்தை மாடு பச்சையாகத் தின்றால் செத்துவிடும் என்பது இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அதனால் அறுத்ததை யாரும் உடனே கொண்டுபோக மாட்டார்கள். மதினி ஒவ்வொரு கைப்பிடி அரியையும் வெயிலில் தனித்தனியாகப் பரப்பினார்.

"நல்லாக் காயட்டும். சருகாக் காஞ்சா வெசம் போயிரும்" என்று கட்டுக் கட்டுகிற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சிரித்தாள். "ஒங்க செவலைக்குக் காய்ச்சி வடிச்சுக் குடுப்பிகளோ?"

"ஏன், ஒம் மாமியாளுக்கு நீ குடுக்கறத விட நல்லாத்தான் குடுப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

டிசம்பர் 30

தட்டை காய்ந்து, அடுக்கிப் படப்புப் போட்டாயிற்று. வீட்டுக்குப் பின்னால் மலைபோல நிற்கிறது. பொங்கல் கழிந்து லாரி வரும்.

மதினிக்கு வழக்கமாகப் போவதில் கால்வாசிதான் கொடுக்க முடிந்தது. மனசு கேட்கவில்லை. அதனால் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன். கிழக்கு மூலையில் அறுத்தது. கரும்பு மாதிரித் தடித்த தண்டு. மதினி கையில் எடுத்து ஒடித்துப் பார்த்து, "எங்கப்பா காலத்துல கூட இப்படி வெளஞ்சதில்ல" என்றார். குறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜனவரி 9

செவலை செத்துவிட்டது.

காலையில் தட்டை வைத்திருக்கிறார். தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கால் பின்னியது, மூச்சு இரைத்தது, படுத்துவிட்டது. என்னைக் கூப்பிட ஆள் வந்தது. நான் போனபோது மதினி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்தி தாயி, எந்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் நுரை. ஈறு ஒரு மாதிரி நிறமாக இருந்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நான்தான் விவரமாகச் சொல்வேன் என்று.

"என்ன தின்னுச்சு?" என்று கேட்டார்.

"சோளத்தட்டை சார்."

"காஞ்சதா?"

"நல்லாக் காஞ்சது."

"உரம் கிரம் நெறையப் போட்டதா?"

மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு டாக்டர் பேசியது கேட்டிருக்காது.

"மானாவாரி சார்" என்றேன்.

"பாம்பு கீம்பு நடமாட்டம் உண்டா?"

"உண்டு."

வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார். அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வயிற்றுக் கன்றும் கூடவே.

டாக்டர் கழுத்தில் ஊசியைச் செருகி ரத்தம் எடுத்துப் பார்த்தார். சிவப்பாக இல்லை. கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. எழுந்து, என்னைத் தன் பைக் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"யூரியா எவ்வளவுமா போட்டீங்க?"

"எல்லாரும் போடுறதுதான்."

"மழை இல்லாமக் காஞ்ச பயிர்ல உரம் தண்டுலயே நின்னுரும். அதுவும் மாட்டுக்கு விஷம்தான், இது காயப்போட்டாலும் போகாது. போன்லயே சொல்லிருந்தா இதுக்கான ஊசிய எடுத்துட்டு வந்திருப்பேன்." பிறகு, "உறுதியாச் சொல்லணும்னா தட்டையைச் சோதிக்க அனுப்பணும். அதுவரைக்கும் வேற மாட்டுக்குப் போடாதீங்க" என்றார்.

தலையாட்டினேன்.

அவர் போன பிறகு, "என்ன சொன்னாரு?" என்று மதினி கேட்டார்.

"பாம்பா இருக்கும்ங்காரு மதினி."

ஜனவரி 10

புதைத்தாயிற்று. குழி தோண்ட நான்கு பேர். மதினி மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து நெற்றியில் வைத்தார்.

ரத்தம் வேறு காரணங்களாலும் அந்த நிறத்துக்கு மாறும். நான் வேதியியல் படித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. எனக்கு எல்லாம் சரியாக நினைவிருக்கும் என்று சொல்ல முடியாது. டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை.

மத்தியானம் மதினி வீட்டுக்குப் போய், மிச்சத் தட்டைக்குள் பாம்பு அடைந்திருக்கும் என்று சொல்லி, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கொளுத்திவிட்டேன். "எனக்காக நீ ஏன் பொகையில நின்னு சாகுற" என்று என்னை இழுத்து உட்காரவைத்து மோர் கொடுத்தார். கடைசிப் பால் உறையூற்றிய மோர்.

ஜனவரி 11

படப்பின்மேல் தார்ப்பாய் போட்டேன். அரிசி களைந்து வைத்தேன். சாப்பிடவில்லை.

ஜனவரி 13

வியாபாரி போன் செய்தார். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் காலை லாரி வரும். "தட்டை எப்படிம்மா, நயமா இருக்கா?" என்றார். நயமாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 15

ஊரெல்லாம் மாடு குளிப்பாட்டுகிறார்கள். கொம்புக்கு வர்ணம் அடிக்கிற வாடை.

மதினி காலையிலேயே வந்தார். செவலையின் முந்தின ஈற்றுக் கிடேரி ஒன்று அவரிடம் இருக்கிறது. இதுவரை ஆடுகளோடு வரப்பில் மேய்ந்து வந்தது. இப்போது வரப்பிலும் புல் இல்லை.

"ரெண்டு கட்டு இழுத்துக்கிட்டுப் போறேன் தமயந்தி. இன்னைக்கு நல்ல நாளாச்சே, பட்டினியா நிக்கிது."

"படப்பு முழுக்க வெல பேசியாச்சு மதினி. நாளைக்கு லாரி வருது."

"ரெண்டு கட்டுதான."

"எண்ணிக் கட்டிருக்கு. கொறஞ்சா அந்தாளு சத்தம் போடுவாரு."

மதினி என்னைப் பார்த்தார். நான் முகத்தை மாற்றவில்லை. கஞ்சத்தனமாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். கிடேரியும் பிழைக்கும், லாரியும் போகும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

"எங்கப்பன் மண்ணுல வெளஞ்சது" என்றார் மெதுவாக. "கதிரக் கேட்டனா? நெலத்தக் கேட்டனா?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

அடுப்பில் பொங்கல் அடிபிடித்த வாசனை வந்ததும் உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது படப்பின் ஓரம் தார்ப்பாய் தூக்கியிருந்தது. இரண்டு கட்டு இல்லை. தெருவில் தட்டை உரசிய கோடு.

ஓடினேன். மதினி வீட்டு வாசலில் கிடேரிக்கு மாலை போட்டிருந்தது. மதினி கட்டை அவிழ்த்து அதன் முன்னால் உதறிக்கொண்டிருந்தார். அது ஒரு தண்டைக் கவ்வியிருந்தது. நான் அதன் வாயிலிருந்து பிடுங்கினேன். விடவில்லை; கழுத்தைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினேன். எதிர்வீட்டில் கோலம் போட்டவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ஒரு கட்டுத் தட்டைக்கா?" என்றார் மதினி. "நல்ல நாளும் பொழுதுமா, வாயில வச்சதையா பிடுங்குவ?"

"திங்கக் குடுக்காதீங்க மதினி."

"ஏன்?"

எனக்கு மூச்சு வாங்கியது. அவரே என் கையிலிருந்த தண்டைப் பார்த்தார். தடித்த தண்டு. பிறகு காலியாகக் கிடந்த செவலையின் முளைக்குச்சியைப் பார்த்தார்.

"பாம்புன்ன."

"பாம்பு இல்ல."

"டாக்டரு?"

"அவரு பாம்புன்னு சொல்லல. போன்ல கேட்டாரு, உரம் போட்டதான்னு. நான் இல்லாத மாதிரிச் சொன்னேன். சொல்லியிருந்தா வேற ஊசி கொண்டாந்திருப்பாரு."

மதினி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. கிடேரியின் காலடியில் சிதறிக் கிடந்த தட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பக்கமாக வைத்தார். இலைத் துணுக்கைக்கூட விடவில்லை.

"நாளைக்கு லாரி வருதுன்ன" என்றார் கடைசியில்.

"ஆமா."

"அவுக மாடும் மாடுதான?"

அவர் எழுந்து கிடேரியை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜனவரி 16

லாரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. வியாபாரியைத் தனியாகக் கூப்பிட்டு, இதைத் தின்று ஒரு மாடு செத்திருக்கிறது என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏம்மா இதையெல்லாம் எங்கிட்டச் சொல்லிக்கிட்டு? வைக்கோலோட கலந்து போடச் சொல்லிட்டாப் போச்சு. வெலையில கொஞ்சம் கொறச்சுக்கிறேன், ஏத்தட்டுமா?"

குறைத்துச் சொன்ன விலையும் விதைப்புக்குப் போதும். அதையும் எழுதி வைக்கிறேன். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்கள் தார்ப்பாயை அவிழ்த்து, மேல் வரிசையை லாரியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், இனி அது அவர் பொறுப்பு என்று ஒரு எண்ணம் ஓடியது. அந்த எண்ணம் வந்த வேகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"எறக்குங்க" என்றேன். "நான் குடுக்கல."

வியாபாரி வாய்க்கு வந்தபடி பேசினார். லாரி வாடகையைக் கேட்டார். தாலிச் சரடிலிருந்து இரண்டு தங்கக் குண்டுமணியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு போன பிறகு படப்புக்குத் தீ வைத்தேன். சாதாரணத் தட்டை எரிகிற மாதிரி எரியவில்லை. அடித்தண்டுகள் சீறிச் சீறிப் பொரிந்தன. ஊரே கூடி நின்றது. மதினி வரவில்லை.

புகை அடங்கியதும் திருப்பூரில் அவருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"அக்கா மாடா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வாரேன். பத்திரத்தை எடுத்து வையி."

ஜனவரி 21

அவர் வந்து, சோலார் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அளந்து கல் ஊன்ற நாளை ஆட்கள் வருவார்களாம். அவரோடு சனிக்கிழமை பஸ்ஸில் நானும் போகிறேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினேன்.

காலையில் கண்மாய்க் கரை வரைக்கும் நடந்து, அருகும் கோரையுமாக ஒரு சுமை புல் அறுத்தேன். உரம் அறியாத புல். கையெல்லாம் கீறல். தலையில் தூக்கிக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனேன். கிடேரி என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

"கண்மாய்க்கரைப் புல்லு மதினி" என்றேன்.

மதினி சுமையை இறக்கி வாங்கினார். கிடேரி எட்டி முகர்ந்தது. அதன் முகத்தைப் புறங்கையால் தள்ளிவிட்டு, புல்லைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் போட்டார். திரும்பி வந்து கையைக் கழுவினார். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

குடித்துவிட்டு வந்தேன்.